பதிவேட்டில் கை வைத்தவர்கள்

ஒரு கட்டு ஆஸ்பராகஸ். நம் தண்ணீர்விட்டானுக்கு உறவான செடியின் இளந்தண்டுகளைப் பச்சை இலைகள்மேல் கிடத்தியிருக்கிறார்கள். எடுவார் மனே 1880-இல் வரைந்த சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் அது. பேசிய விலை 800 பிராங்க். வாங்கிய ஷார்ல் எஃப்ருசி 1000 பிராங்காகக் கொடுத்தனுப்பினார். மனே சும்மா இருக்கவில்லை. ஒற்றைத் தண்டு மட்டும் கிடக்கும் இன்னொரு குட்டி ஓவியத்தை வரைந்து, உங்கள் கட்டில் ஒன்று குறைந்திருந்தது என்று எழுதி அனுப்பிவைத்தார். அந்த ஒற்றைத் தண்டு இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டு போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனியின் கொலோன் நகரம், வால்ராஃப்-ரிச்சார்ட்ஸ் அருங்காட்சியகம்.

கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்ளும். கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே அங்கிருந்துதான் தொடங்கினார். அந்த அருங்காட்சியகம் தன் 150-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1974-இல் சமகாலக் கலைஞர்களை அழைத்தபோது, கொலோனில் பிறந்தவரான ஹாக்கே ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அந்த ஓவியத்தை அறையில் ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். சுற்றுச் சுவர்களில் பத்துப் பலகைகள். ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஒவ்வொருவரும் எந்தக் குடும்பம், என்ன தொழில், என்ன செல்வாக்கு என்பவை அச்சில் இருக்கும். விலை தெரிந்த இடங்களில் விலையும் இருக்கும். வேறொன்றும் இல்லை.

பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் நடுவில் ஓவியர் மாக்ஸ் லீபர்மன் வருகிறார். யூதர். பிரஷ்யக் கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், 1933-இல் விலகினார், 1935-இல் இறந்தார். ஓவியம் மகளுக்குப் போகிறது. மகள் ஜெர்மனியை விட்டு வெளியேறுகிறார். பிறகு பேத்தி. கடைசிப் பலகை, 1968-இல் அருங்காட்சியக நண்பர்களைத் திரட்டி ஓவியத்தை வாங்கித் தந்த ஹெர்மன் யோசெஃப் ஆப்ஸ் பற்றியது. விலை 13,60,000 மார்க். ஆப்ஸ் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் மிகப் பெரிய வங்கியாளர். 1938-இலிருந்து, ஹிட்லர் ஆட்சி முடியும்வரை, டாய்ச்ச வங்கியின் நிர்வாகக் குழுவில் இருந்தவரும் அவரே. பலகையில் அவர் வகித்த பதவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. ஒரு வசைச் சொல் கிடையாது, ஒரு வியப்புக்குறி கிடையாது.

அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. இயக்குநர் ஹார்ஸ்ட் கெல்லர் எழுதிய பதிலின் சாரம் இது: அருங்காட்சியகத்துக்குப் பொருளாதார வலிமை பற்றி ஒன்றும் தெரியாது, ஆன்மிக வலிமை பற்றித்தான் தெரியும். தகவலில் பிழை என்பது அல்ல அவர்களுடைய எதிர்ப்பு. ஹாக்கே தம் பலகைகளை, மனேயின் ஓவியத்துக்குப் பதில் அதன் வண்ணப் படியோடு, அதே ஊரில் பால் மேன்ஸ் கலைக்கூடத்தில் வைத்தார். அருங்காட்சியகத்துக்குள் இடம்பெற்றிருந்த பிரெஞ்சுக் கலைஞர் டானியல் பூரன், பலகைகளின் படிகளைத் தன் படைப்பின்மேல் ஒட்டினார். நிர்வாகம் அவற்றின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியது.

தமிழில் கலை விமர்சனம் எழுதுகிறவர்களுக்குக் கைவசம் எப்போதும் ஒரு சொல் உண்டு: தேடல். ஓவியரின் தேடல், சிற்பியின் தேடல், நாற்பதாண்டுத் தேடல். நானும் எழுதியிருக்கிறேன். தேடுகிறவர் எதையும் கண்டடைய வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால்தான் அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. ஆய்வு என்ற சொல் அப்படியல்ல. ஆய்ந்தவர் ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னது தவறாகவும் இருக்கலாம் என்ற ஆபத்தை ஏற்றாக வேண்டும். இன்னொருவர் போய்ப் பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வழிவிட வேண்டும். இன்று கலைப் பயிற்சியையே ஆய்வாகக் கொண்டு முனைவர் பட்டம் தருகிறார்கள், உதவித்தொகை தருகிறார்கள், அருங்காட்சியகங்கள் ‘ஆய்வுக் கலைஞர்’ என்று அழைத்து அறை ஒதுக்குகின்றன. லண்டன் ராயல் கலைக் கல்லூரியின் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-இல் மூன்று வகை பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியாக நடக்கும் ஆய்வு, கலைக்காகச் செய்யும் ஆய்வு. மூன்றாவதில் சிந்தனை முழுக்கப் படைப்புப் பொருளுக்குள்ளேயே கரைந்துவிடும். அதை ஆய்வு என்று அழைப்பதில் அவருக்கே தயக்கம் இருந்தது. அவர் தயங்கிய அந்த இடத்துக்குள்தான் இந்த முப்பதாண்டுகளில் எல்லாரும் கூட்டமாக நுழைந்திருக்கிறார்கள்.

ஆகவே அளவுகோலைக் கறாராக வைத்துக்கொள்வது நல்லது. கலைஞர் கண்டது சரிபார்க்கத் தக்கதா? அதே செய்தியை ஒரு கட்டுரை சொல்லியிருக்க முடியாதா, அதற்குக் கலை ஏன் தேவைப்பட்டது? அந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டுக்கொண்ட நிறுவனம் தன் கணக்கில் எதை மாற்றியது? இந்த மூன்றாவது கேள்வியை விமர்சகர்கள் அதிகம் கேட்பதில்லை.

முதல் கேள்வியில் ஹாக்கே தடுமாறவே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆவணம் உண்டு. இரண்டாவது கேள்வியில்தான் அவரை அடிக்கடி மடக்குவார்கள்: இது பத்திரிகைக்காரர் செய்யும் வேலை அல்லவா? 1971-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் ரத்துசெய்த அவருடைய கண்காட்சியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஷபோல்ஸ்கி என்பவரின் குழுமத்துக்கு மன்ஹாட்டனில் சொந்தமான கட்டடங்களின் 142 படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பொதுமக்கள் பார்வைக்கு இருந்த சொத்துப் பதிவுகளிலிருந்து தட்டச்சு செய்த விவரம். இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர், அருங்காட்சியகத்தின் உடலுக்குள் புகுந்த அந்நியப் பொருள் என்று அதை விலக்கினார். கலைஞருக்காகப் பேசிய பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரைக்கு வேலை போயிற்று. இதில் கலைஞர்பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கதையும் உலவுகிறது: அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு அந்தக் கட்டடங்களோடு தொடர்பு இருந்ததாம், அதனால்தான் மூடினார்களாம். அப்படி ஒரு தொடர்பு காட்டப்படவில்லை, ஹாக்கே அப்படிச் சொல்லவும் இல்லை. கண்காட்சி தடைபட்டதும் நாம் சான்றுக்கு மேலாக நம்பத் தொடங்கிவிடுகிறோம். தடையைச் சான்றாக எடுத்துக்கொள்வது ஆய்வுக்குச் செய்யும் துரோகம். படைப்பாகப் பார்த்தாலும் அந்த 142 படங்களும் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அருங்காட்சியகம்தான், ரத்துசெய்து, தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

கொலோன் படைப்பு அதைவிட ஒரு படி மேல். இங்கே ஹாக்கே வெளியிலிருந்து ஒரு முறையைக் கொண்டுவரவில்லை. ஓவியத்தின் உடைமை வரலாற்றைத் தொகுப்பது அருங்காட்சியகத்தின் அன்றாட வேலை. பதிவேட்டில் ஒரு பத்தியாக இருப்பதை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழுப் பலகை கொடுத்தார். நாடு விட்டுப் போன மகளின் பெயரும் வங்கியாளரின் பெயரும் ஒரே அளவுப் பலகையில், ஒரே அச்செழுத்தில், ஒரே சுவர் வரிசையில். அந்தச் சமமான அமைப்பு செய்ததை ஒரு கட்டுரை செய்திருக்க முடியாது. கட்டுரைக்கு ‘ஆனால்’ என்றோ ‘அதே சமயம்’ என்றோ ஓர் இணைப்புச் சொல் வேண்டியிருந்திருக்கும். நியாயமாகக் கேட்க வேண்டிய ஓர் ஆட்சேபமும் உண்டு. அருகருகே வைத்தால் மட்டும் குற்றம் நிரூபணமாகிவிடுமா? ஆகாது. பலகைகளும் அப்படிச் சொல்லவில்லை. இவர் இந்த ஆண்டு இங்கே இருந்தார், அவர் அந்த ஆண்டு அங்கே இருந்தார் என்கின்றன. முடிவைப் பார்வையாளர் எடுக்கிறார், அதற்கான பொறுப்பும் பார்வையாளருடையது. நான் இதை நேர்மையான முறை என்றே கொள்கிறேன்.

இது நமக்குத் தொலைவான சங்கதி என்று தோன்றினால் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துக்கொள்ளலாம். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்ற சுபாஷ் கபூர் தரப்பு கொடுத்த உடைமை வரலாற்றுக் காகிதம் போலி. கோயிலில் எடுத்த பழைய படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தன. படத்தையும் சிலையையும் ஒப்பிட்டதில் குட்டு உடைந்தது. 2014-இல் நடராசர் இந்தியா திரும்பினார். யார் கையிலிருந்து யார் கைக்கு என்ற கேள்வி கலைக்கு வெளியே நிற்பது என்று இன்று எந்த இயக்குநரும் சொல்லத் துணியமாட்டார். நாஜிகள் பறித்த கலைப்பொருட்களின் உடைமை வரலாற்றை ஆராய 44 நாடுகள் வாஷிங்டனில் கூடிக் கொள்கை வகுத்தது 1998-இல். கொலோன் அருங்காட்சியகம் தன் சுவரில் இடமில்லை என்று மறுத்த கேள்வி, கால் நூற்றாண்டுக்குள் அருங்காட்சியகங்களின் கடமையானது. ஹாக்கேயால்தான் அது நடந்தது என்று நான் சொல்லவில்லை. துறை கேட்கத் தவறிய கேள்வியை முன்கூட்டியே, சரியான முறையில் ஒரு கலைஞர் கேட்டார். ஆய்வு என்ற பெயருக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை.

இனி பால்டிமோர். கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1954-இல் நியூயார்க் பிராங்க்ஸில் பிறந்தவர். மாணவராக இருந்தபோது அருங்காட்சியகக் காவலராக வேலை பார்த்தார், பிறகு அருங்காட்சியகங்களின் கல்விப் பிரிவுகளில். 1991-இல் நான்கு கறுப்புப் பொம்மைகளுக்கு நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகக் காவலர் சீருடைகளை மாட்டி நிறுத்தினார். பொம்மைகளுக்குத் தலை இல்லை. மறுஆண்டு, 1844-இல் பால்டிமோரில் தொடங்கிய மேரிலாந்து வரலாற்றுச் சங்கம் தன் சேமிப்பறைகளை அவருக்குத் திறந்துவிட்டது. 1992 ஏப்ரலில் திறந்த அந்தக் கண்காட்சிக்கு அவர் புதிதாக ஒரு சிற்பமோ ஓவியமோ செய்யவில்லை. கிடங்கிலிருந்ததை எடுத்து இடம் மாற்றினார்.

ஒரு கண்ணாடிப் பேழை. தலைப்பு: உலோக வேலைப்பாடு, 1793–1880. உள்ளே பால்டிமோர் தட்டார்களின் வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். இலையும் பூவுமாகப் புடைப்பு வேலை செய்து பளபளக்கத் தேய்த்தவை. நடுவே, தேய்க்காமல் கறுத்துக் கிடக்கும் ஓர் இரும்பு விலங்கு. அடிமைகளுக்குப் பூட்டியது. தலைப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, விலங்கும் உலோக வேலைதான். இன்னோர் அறையில் அழகிய நாற்காலிகள் ஒரு கசையடிக் கம்பத்தை நோக்கிப் போடப்பட்டிருந்தன, நாடகம் பார்க்க உட்காருவதுபோல. தலைப்பு: மரத்தச்சு, 1820–1960.

மேரிலாந்தில் அடிமைமுறை இருந்தது எல்லோருக்கும் தெரியும். இதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்கலாம். கண்டுபிடிப்பு பகுப்புமுறையில் இருக்கிறது. வெள்ளியும் இரும்பும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒரே பேழைக்குள் வந்ததில்லை. பகுப்புமுறை நடுநிலையானது என்ற நம்பிக்கையை, அதே பகுப்புமுறையை அப்படியே கடைப்பிடித்து வில்சன் தகர்த்தார். சங்கத்தின் பதிவேட்டைத் திறந்து யாரும் சரிபார்க்கலாம். இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மை. மூன்று வெள்ளைப் பீடங்களில் மூன்று மார்பளவுச் சிலைகள்: நெப்போலியன், ஆண்ட்ரூ ஜாக்சன், ஹென்றி கிளே. மூவரில் ஒருவரும் மேரிலாந்துக்காரர் அல்லர். எதிரே மூன்று கறுப்புப் பீடங்களில் பெயர்கள் மட்டும்: ஹேரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானக்கர். மூவரும் அந்த மண்ணில் பிறந்த கறுப்பினத்தவர்கள். மேலே ஒன்றும் இல்லை, ஏனென்றால் சங்கத்திடம் அவர்கள் சிலைகள் இல்லை. இல்லாததை ஆய்வு முடிவாகக் காட்டுவது அரிது. ஆயிரம் பொருள் வைத்திருக்கும் ஓர் இடத்தில் மூன்று வெற்றுப் பீடங்கள் அதைக் காட்டிவிட்டன.

ஏறத்தாழ 1710-இல் யூஸ்டஸ் எங்கல்ஹார்ட் கூன் வரைந்த ஓவியமும் அங்கே இருந்தது. பணக்காரச் சிறுவன் ஹென்றி டார்னல் கையில் வில்லோடு நிற்கிறான். மதிலுக்கு அப்பால், ஓவியத்தின் இருண்ட ஓரத்தில், அவனுக்குச் சேவகம் செய்யும் கறுப்பினச் சிறுவன். அவன் கழுத்தில் ஓர் உலோகப் பட்டை. வில்சன் அத்தகைய பிள்ளைகள்மேல் விளக்கைத் திருப்பி, ஒரு குழந்தையின் குரலை ஒலிக்கவிட்டார். நான் உன் தோழனா, சகோதரனா, வளர்ப்புப் பிராணியா என்று அந்தக் குரல் கேட்கிறது. பட்டையைப் பார்த்தபின் அந்தக் கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போவது கடினம்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பழைய குழந்தை வண்டிக்குள் படுக்கை விரிப்புக்குப் பதிலாக வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் முகமூடி அங்கியை வைத்த காட்சிதான் புகைப்படங்களில் அதிகம் புழங்குகிறது. வெறுப்பு தொட்டிலிலேயே புகட்டப்படுகிறது என்கிறது அது. உண்மைதான், ஆனால் அறைக்குள் வருமுன்பே நமக்குத் தெரிந்த உண்மை. அங்கே பொருட்கள் சான்றாக நிற்கவில்லை, உவமையாகிவிட்டன. வெள்ளிப் பேழையோ நாம் அறியாத ஒன்றை, அருங்காட்சியகத்தின் பழக்கத்தை, கண்முன் கொண்டுவந்தது. ஒரே கண்காட்சிக்குள் ஆய்வும் உண்டு, ஆய்வு போன்ற தோற்றமும் உண்டு. பிரித்துச் சொல்லாத பாராட்டு கலைஞருக்கு உதவாது.

பால்டிமோருக்குப் பின் வந்த வழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. வில்சனின் வெற்றியைப் பார்த்த அருங்காட்சியகங்கள் பல ஊர்களில் கலைஞர்களைக் கிடங்குக்குள் அழைத்தன. தோஷம் கண்ட வீட்டில் பரிகாரம் செய்வதுபோல. கலைஞர் வருவார், சங்கடமான நாலு பொருட்களை எடுத்து வைப்பார், சில மாதங்கள் பேச்சு இருக்கும், அவர் ஊருக்குப் போவார். பதிவேடும் பகுப்புமுறையும் அடுத்த காட்சியை அடுக்குகிறவர் யார் என்பதும் அவர் கைக்கு வருவதே இல்லை. நிறுவனங்களை விமர்சித்த கலையே ஒரு நிறுவனமாகிவிட்டதை 2005-இல் கலைஞர் ஆண்ட்ரியா ஃப்ரேசர் எழுதினார், தன்னையும் சேர்த்துக்கொண்டே. ஹாக்கேயை வெளியே தள்ளிய கதவு வில்சனுக்குத் திறந்தது பெரிய முன்னேற்றம். அந்தத் திறப்பு விருந்தாளிக்கான திறப்பாகவே நின்றுபோனது.

நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் 2019 ஈராண்டுக் கண்காட்சியை இந்த மரபின் உச்சம் என்பார்கள். ஃபோரென்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற புலனாய்வுக் குழு, ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸோடு சேர்ந்து, அருங்காட்சியகத்தின் துணைத் தலைவர் வாரன் காண்டர்ஸின் நிறுவனம் தயாரித்த கண்ணீர்ப்புகைக் குண்டுகளை இணையப் படங்களில் அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, அந்த முயற்சியையே படமாக்கி அதே அருங்காட்சியகத்தில் திரையிட்டது. அருங்காட்சியக ஊழியர்கள் ஏற்கெனவே எதிர்ப்புக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஜூலையில் எட்டுத் தரப்புக் கலைஞர்கள் தம் படைப்புகளைத் திரும்பக் கேட்டார்கள். 25-ஆம் தேதி காண்டர்ஸ் விலகினார். விசாரணையாக அது திடமானது, விளைவும் கண்கூடு. ஆயினும் அந்தப் படத்தை நீதிமன்றத்திலோ தொலைக்காட்சியிலோ காட்டியிருந்தாலும் அதன் பொருள் குறைந்திருக்காது. அருங்காட்சியகச் சுவர் அதற்கு ஒரு முகவரியாகப் பயன்பட்டது, கருவியாக அல்ல. நல்ல செயல் என்று வணங்குவேன். கலைவழி ஆய்வு என்பதில் பால்டிமோர் பேழைக்குக் கீழேதான் வைப்பேன்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம், அங்கே கேள்வி தலைகீழாகிறது. தோம்பு என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. ஓவியர் தா. சனாதனன் 2011-இல், போர் முடிந்து இரண்டே ஆண்டில், முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வழியாகக் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்த வடபுலத்து மக்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் கையால் வரைந்த படம், அதைக் கட்டடக் கலைஞர் அளவுகோல் பிடித்துத் திருத்தமாக வரைந்த படம், சனாதனனின் ஓவியம், தட்டச்சில் அவர்கள் சொன்ன கதை. ஓர் அலுவலகக் கோப்பைப் புரட்டுவதுபோலவே புரட்ட வேண்டும்.

முதல் கேள்வியில் இந்தப் படைப்பு தோற்றுவிடும் என்று முதலில் நினைத்தேன். குண்டுவீச்சில் போன வீட்டின் அறை எத்தனை அடி என்று யார் போய்ச் சரிபார்ப்பது? பிறகுதான் படங்களின் வரிசை பிடிபட்டது. நடுங்கும் கைக்கோடு கட்டடக் கலைஞரின் தாளில் நேராகிறது. நேரானதும் வீடு யாருடையதாகவும் இருக்கலாம் என்றாகிவிடுகிறது. அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே எது காணாமல் போகிறதோ, அதுதான் கண்டுபிடிப்பு. அதைப் புத்தகத்தை விரித்து யாரும் சரிபார்க்கலாம். அரசப் பதிவேடு எழுதும் மொழிக்கு ஒரு வீட்டில் எவ்வளவு கொள்ளும், எவ்வளவு கொள்ளாது என்பதை அளந்து காட்டுகிறது. கொலோனிலும் பால்டிமோரிலும் ஆவணத்தில் பெயராக மட்டும் கிடந்தவர்கள் இங்கே பென்சில் பிடித்தார்கள். கேள்வி கேட்க ஓர் அருங்காட்சியகம் இல்லாத இடத்தில் கலைஞர் பதிவேட்டையே செய்ய வேண்டியதாயிற்று, அது நூலாகக் கைகளில் சுற்றுவதால் எந்த இயக்குநரின் சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை.

என் தீர்ப்பு இது. கலை ஆய்வாக முடியும், ஆகியும் இருக்கிறது. பட்டமோ அழைப்போ தடையோ அதை ஆக்குவதில்லை. ஆவணத்தின் வடிவத்தையே கையில் எடுத்து, அந்த வடிவம் மறைத்ததை அதே வடிவத்தில் பிறர் சரிபார்க்க வைத்த இடங்களில்தான் ஆகியிருக்கிறது. ஹாக்கேயின் பலகைகளுக்கு ஆய்வு என்ற வகையில் முதலிடம். வெள்ளிப் பேழை கலையாக அதைவிட ஆழம் போகிறது, ஆனால் கலைந்துபோகும் ஏற்பாடு என்பது அதன் குறை. தோம்பு இவ்விரண்டுக்கும் இல்லாத ஒன்றைச் செய்தது: ஆராயப்பட்டவர்களை ஆய்வாளராக்கியது. மூன்றாம் கேள்விக்கு அருங்காட்சியகங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கலைஞரை உள்ளே விட்டீர்களா என்று இனிக் கேட்பதில் பயனில்லை. அவர் கண்டது உங்கள் குறிப்பட்டையில் ஏறியதா என்று கேட்க வேண்டும். புடைப்பு வேலை செய்த அந்தக் கூஜா எங்கே தனியாகக் காட்சிக்கு வந்தாலும், அருகே 1992-இல் கிடந்த விலங்கைப் பற்றி அட்டையில் ஒரு வரி இருந்தாக வேண்டும்.